கொப்பரை காத்த கோல்

திருவண்ணாமலையில் மலையைச் சுற்றியவர்களைக் கணக்கெடுத்தால் கோடிப் பேர் தேறுவார்கள். அதே மலையை வைத்துக்கொண்டு கோல் காத்தவன் இந்தப் பூலோகத்தில் ஒருத்தன்தான். அவன் கொப்பரை. அவனுக்குச் சொந்தமாக ஒரு பெயர் இருந்தது. அது கல்லூரி வருகைப் பதிவேட்டில் மட்டும் புழங்கியது. அங்கேயும் அந்தப் பெயருக்கு எதிரே பெரும்பாலும் 'ஆப்சென்ட்'தான்.

கார்த்திகை தீபத்துக்கு மலையுச்சியில் வைத்து ஏற்ற ஆளுயரக் கொப்பரை ஒன்றைத் தூக்கிக்கொண்டு போவார்கள். நம் ஆள் கல்லூரியில் சேர வந்த அன்று, விண்ணப்பம் கொடுக்கும் கம்பி ஜன்னலுக்குள் தலையை விட்டு ஒரு சந்தேகம் கேட்டான். சந்தேகம் தீர்ந்தது, தலை வெளியே வரவில்லை. வரிசையில் பின்னால் நின்ற எவனோ, "கொப்பரை மாட்டிக்கிச்சு, ஆசாரியக் கூப்புடுங்கப்பா" என்றான். அதோடு பெற்றவர்கள் வைத்த பெயர் ஒழிந்தது. பிற்பாடு பிரின்சிபாலே, "அந்தக் கொப்பரைய வரச்சொல்லு" என்று பியூனிடம் சொன்னதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஊர் மாவட்டத் தலைநகராகி இரண்டு மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. தலைநகருக்கு வேண்டியதெல்லாம் வந்துகொண்டிருந்தது. கலெக்டர் வந்தார், எஸ்.பி. வந்தார், லாட்ஜுகள் வந்தன. எங்கள் கல்லூரிக் கால்பந்து அணிக்கு மட்டும் பந்து வரவில்லை. இருந்த ஒரே பந்து சைக்கிள் கடையில் ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு ஒரு பக்கம் கனத்திருந்தது. தெற்கே உதைத்தால் கிழக்கே போகும். பதினோரு பேருக்கு ஒன்பது ஜெர்சி, அதுவும் வாலிபால் அணி கழித்துப் போட்டது. பி.டி. சாருக்குப் பிடித்த ஒரே விளையாட்டு ஷட்டில். கால்பந்தை அவர் வெயிலில் செய்கிற வேலைகளில் ஒன்றாக நினைத்தார். மைதானத்துக்கு அவர் வருகிற நாட்கள், குரூப் போட்டோ எடுக்கிற நாட்கள்.

இந்த அழகான அணிக்கு நான் கேப்டன். ஆடுவது ஸ்டாப்பர் பேக், அதாவது கோலுக்கு முன்னால் கடைசித் தடுப்பு. எனக்குப் பின்னால் கொப்பரை. கொப்பரைக்குப் பின்னால் வலை இருக்க வேண்டும். கல்லூரி அதை வாங்கித் தரவில்லை.

கொப்பரைக்குச் சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர். அப்பா மல்லாட்டை மண்டியில் மூட்டை தூக்குகிறவர். நிலக்கடலை என்று படித்தவர்கள் சொல்வதைத்தான் எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். லாரி மேலிருந்து வீசுகிற காலிச் சாக்குக் கட்டுகளைக் கீழே நின்று பிடித்துப் பிடித்துக் கொப்பரையின் கை பழகியிருந்தது. "பந்து இன்னாடா பந்து, சாக்குக் கட்டை விட வெயிட்டு கம்மி. வர்றத புடிச்சிக்கினா போச்சி" என்பான். கோல் காக்கிற நேரத்திலும் இரண்டு கால்சட்டைப் பையிலும் மல்லாட்டை இருக்கும். பந்து எதிர்ப்பக்கம் போய்விட்டால் உரிக்க ஆரம்பிப்பான். ஆட்டம் முடிந்து பார்த்தால் எங்கள் கோல் பக்கம் மட்டும் தோலாகக் கிடக்கும். ஒரு ரெஃப்ரி ஓடிவந்து, "இன்னாப்பா இது, மைதானத்துல தின்னுகினு" என்று சத்தம் போட்டார். கொப்பரை பையில் கைவிட்டு ஒரு பிடி எடுத்து நீட்டினான். "வறுத்தது சார், சூடு கம்மியாயிடும், சீக்கிரம்." ரெஃப்ரி மஞ்சள் அட்டையைத் தேடின கையால் அதை வாங்கிக்கொண்டார்.

அவன் மலையை எப்படிப் பயன்படுத்தினான் என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் மைதானத்தில் கோல்கள் வடக்கிலும் தெற்கிலும். மேற்கே மலை. மைதானத்தின் மேற்கு ஓரத்தில் வரிசையாக மின் கம்பங்கள். ஒவ்வொரு கோலுக்கும் பக்கத்தில் ஒன்று நிற்கும். கோல் காக்கிறவனுக்கு எப்போதும் ஒரே கவலை, தான் எவ்வளவு தூரம் முன்னால் வந்துவிட்டோம் என்பதுதான். ஜாஸ்தி வந்தால் எதிராளி பந்தைத் தலைக்கு மேல் தூக்கிப் போட்டுவிடுவான். வராமலே நின்றால் மொத்தக் கோலும் அவனுக்குத் திறந்து கிடக்கும். மற்ற கோல் கீப்பர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொள்வார்கள். கொப்பரை திரும்பியதே கிடையாது. மின் கம்பமும் மலையுச்சியும் ஒன்றன் பின் ஒன்றாகத் தெரிந்தால் நிற்கிற இடம் சரி. உச்சி விலகித் தெரிந்தால் அடி தப்பிவிட்டது.

"திரும்பிப் பாத்தா பந்து பூடும் மச்சான். மலை எங்கயும் பூடாது" என்பான்.

இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறினால், வலது கைப்பக்கம் இருந்த மலை இடது கைப்பக்கம் வந்துவிடுமே என்று கேட்டேன். சாமி தன் இடப்பாகத்தை அம்மனுக்குக் கொடுத்த ஊர் இது. கொப்பரை யோசிக்கவே இல்லை. "முத பாதி சாமி பாத்துக்குது, ரெண்டாவது பாதி அம்மா பாத்துக்குது. நீ உன் ஆட்டத்தப் பாரு."

ஒருநாள் மழை மேகம் இறங்கி உச்சியை மறைத்துக்கொண்டது. கொப்பரை கையை உயர்த்தி ஆட்டத்தை நிறுத்தினான். வெளியூரிலிருந்து வந்த ரெஃப்ரி அடிபட்டுவிட்டதோ என்று பயந்து ஓடிவந்தார்.

"இன்னாப்பா ஆச்சு?"

"உச்சி தெரியல சார். அஞ்சு நிமிஷம் நிறுத்துங்க, காத்து அடிச்சா வெலகிடும்."

அந்த ரெஃப்ரி நல்ல மனுஷன். உண்மையிலேயே ஐந்து நிமிடம் நிறுத்தினார். அவருக்கு ஏதோ வேண்டுதல் இருந்திருக்க வேண்டும்.

அந்த வருடம் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் எங்கள் பெயரையும் கொடுத்திருந்தார்கள். தோற்றால் வெளியேற வேண்டியதுதான். முதல் ஆட்டம் எங்கள் மைதானத்தில். அதற்கு முந்தின நாள் கொப்பரை, மலையைச் சுற்றாமல் ஆடினால் உருப்பட மாட்டோம் என்று சொல்லி, விடிகாலையில் பதினோரு பேரையும் வெறுங்காலோடு கிளப்பிவிட்டான். பதினான்கு கிலோமீட்டர். பாதி வழியில் இருக்கிற அடி அண்ணாமலை போவதற்குள் எங்கள் சென்டர் ஃபார்வர்டு ஆட்டோ கேட்டான். மறுநாள் ஆட்டத்தில் யாருக்கும் கால் மடங்கவில்லை. எங்கள் கோலைப் பார்த்து அவர்கள் முப்பது தடவையாவது உதைத்திருப்பார்கள். முப்பதையும் கொப்பரை சாக்குக் கட்டைப் பிடிப்பது போல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். கடைசியில் எதிரணிக்காரனே தவறிப்போய்த் தன் கோலுக்குள் தட்டிவிட, ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தோம். எங்களுக்கு ஒரு கோல் போட அடுத்த கல்லூரிக்காரன் வேண்டியிருந்தது. "சுத்துனது வீணாப் போவலை பாத்தியா" என்றான் கொப்பரை.

அரையிறுதியும் எங்கள் ஊரிலேயே. ஒரு கோல் முன்னிலையில் இருந்தோம். முடியப் போகிற நேரம் எங்களுக்கு எதிராகப் பெனால்டி. உதைக்க வந்தவன் நெட்டையாக, முறைப்பாக இருந்தான். பந்தை வைத்துவிட்டு நிமிர்ந்தான். கொப்பரை அவனைப் பார்த்து அக்கறையாகக் கேட்டான்.

"சாப்ட்டியாப்பா?"

அவன் திடுக்கிட்டான். "இன்னும் இல்லீங்க" என்றான், தன்னையறியாமல்.

"மொகம் வாடிப் போயிருக்கு. மேட்சு முடிஞ்சதும் என்னோட வா, கெழக்கு கோபுரத்தாண்ட ஒரு கடைல பொங்கல் நல்லாருக்கும். வூட்ல அப்பா அம்மா சௌக்கியமா?"

முறைப்பெல்லாம் கரைந்துபோய் அவன் உதைத்த பந்து, கோலை விட்டு வெகுதூரம் விலகி, சைக்கிள் ஸ்டாண்டில் போய் விழுந்தது. ஆட்டம் முடிந்ததும் கொப்பரை சொன்னபடியே அவனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பொங்கல் வாங்கிக் கொடுத்தான். அந்தப் பையன் அழுதுகொண்டே இரண்டு பிளேட் சாப்பிட்டான்.

அன்றைக்குப் பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுக்கிற செலக்டர்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். போகும்போது பி.டி. சாரிடம், "கோல் கீப்பர் கையி நல்லாருக்கு. ஃபைனல்லயும் பாத்துட்டு எடுத்துக்கலாம்" என்றார்கள். இது கொப்பரைக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். பல்கலைக்கழக அணியில் ஆடினவனுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கும். கொப்பரைக்கு ஒன்பது பேப்பர் அரியர். "மார்க் சீட்டு எனக்கு சோறு போடாது மச்சான். போட்டா இந்த ரெண்டு கைதான் போடணும். இல்லனா எங்கப்பா தூக்கற மூட்டைய நான் தூக்கணும்" என்று அடிக்கடி சொல்வான். அன்று அதைச் சிரிக்காமல் சொன்னான்.

இறுதி ஆட்டமும் எங்கள் மைதானத்தில்தான் என்று நோட்டீஸ் வந்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்தோம். பால் திரிந்தது. இறுதி ஆட்டம் வந்த வாரம் கார்த்திகை தீபத்துக் கொடியேற்றம். வருகிற பேருந்துகளுக்கு ஊருக்குள் இடம் போதாது என்று எங்கள் மைதானத்தைத் தற்காலிகப் பேருந்து நிலையமாக எடுத்துக்கொண்டார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க மாட்டான் என்பார்கள். எங்கள் விஷயத்தில் சாமியே வந்து இடத்தை எடுத்துக்கொண்டது. இறுதி ஆட்டத்தைக் கடற்கரைப் பக்கத்து ஊர் ஒன்றுக்கு மாற்றினார்கள். எதிரணிக்கு அது சொந்த ஊர். அங்கே மலை கிடையாது. மேடு என்று சொல்லக்கூட ஒன்றும் கிடையாது.

கொப்பரை பிரின்சிபால் அறைக்குப் போனான். துணைக்கு நான்.

"மேட்ச ஒரு பத்து நாள் தள்ளி வைங்க சார். மலை இல்லாத ஊர்ல எனக்கு எங்க நிக்கணும்னே தெரியாது."

பிரின்சிபால் சிரித்தார். பி.டி. சார் அதைவிடப் பெரிதாகச் சிரித்தார். "இங்கேர்ந்து மலைய லாரில ஏத்திக்கினு போய்டலாமா?" என்று கேட்டுவிட்டு, ஷட்டில் ஆடப் போய்விட்டார். கல்லூரிக்காக ஒருத்தன் கேட்ட ஒரே உதவி அது. சிரித்த இரண்டு பேரும் பிற்பாடு நல்லாசிரியர்கள் என்று பெயர் வாங்கி ஓய்வு பெற்றார்கள்.

ஆட்டத்துக்கு முந்தின நாள் காலையில் நானும் கொப்பரையும் மட்டும் மலையைச் சுற்றினோம். அடி அண்ணாமலைக் கோயில் வாசலில் நின்று அவன் சொன்னான்.

"நாளைக்கு எனக்கு மலை கெடையாது. நீதான் மலை."

"இன்னாடா சொல்ற?"

"நீ எனக்கு முன்னால நிக்கிற. அப்பப்ப என்னப் பாத்துக்க. நான் ஜாஸ்தி முன்ன வந்துட்டா 'உள்ள'னு ஒரு கொரல் குடு. ரெண்டடி பின்னால வந்துர்றேன். திரும்பிப் பாக்க மாட்டேன், ஏன்னு கேக்க மாட்டேன்."

சரி என்றேன். அவன் விடவில்லை. சூடம் வாங்கி ஏற்றி, என் கையால் அணைக்கச் சொன்னான். சூடம் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டு மீறினவன் எங்கள் பக்கத்தில் யாரும் உருப்பட்டதில்லை என்பார்கள். நான் அணைத்தேன். மீறினேன். நன்றாகவே உருப்பட்டேன். இந்த மாதிரி நம்பிக்கைகள் எனக்குப் போனது அப்படித்தான்.

மறுநாள் பேருந்தில் கொப்பரை கடைசி சீட்டில் திரும்பி முட்டி போட்டு உட்கார்ந்து, பின்பக்கக் கண்ணாடி வழியாக மலையையே பார்த்துக்கொண்டு வந்தான். கீழ்பென்னாத்தூர் தாண்டியும் அது தெரிந்தது. பிறகு சிறுத்துச் சிறுத்துக் காணாமல் போயிற்று. செஞ்சியில் மலைகள் வந்தபோது, "இதப் பாத்துக்கடா, தெம்பா இருக்கும்" என்றேன்.

"இது வேற மலைடா. கல்ல கொட்டி வச்சாப்ல இருக்குது. இதுல உச்சி எதுனு யார் சொல்றது?" என்று கண்ணை மூடிக்கொண்டான்.

மைதானத்தில் இறங்கி அவன் மேற்கே பார்த்தான். தென்னை மரங்கள், அதற்கு மேல் வெறும் வானம். கலியாண வீட்டில் செருப்பைத் தொலைத்தவன் போல் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு என்னைப் பார்த்துத் தலையாட்டினான்.

நான் கத்தினேன். சத்தியமாகக் கத்தினேன். முதல் பாதி முழுக்க, "உள்ள", "உள்ள" என்று தொண்டை வறளக் கத்தினேன். ஒவ்வொரு தடவையும் அவன் திரும்பாமல் இரண்டடி பின்னால் போனான், வந்த பந்தையெல்லாம் பிடித்தான். எதிரணி மாணவர்கள் கோட்டோரம் நின்று விஷயத்தைப் புரிந்துகொண்டு, அவர்களும் "உள்ள, உள்ள" என்று கத்தத் தொடங்கினார்கள். நூறு பேர் இருப்பார்கள். கொப்பரை அசையவில்லை. இடைவேளையில் கேட்டேன், எப்படிடா என்று.

"நூறு பேரு இல்ல, ஆயிரம் பேரு கத்தட்டும். உன் கொரல் எனக்குத் தெரியாதா மச்சான்?" என்று மல்லாட்டை உரித்தான்.

தண்ணீர் குடிக்கப் போனேன். பந்தல் போட்டுச் செலக்டர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பக்கம் நடக்கும்போது ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. "கீப்பர் ஓகே. அந்த ஸ்டாப்பரும் பரவால்ல. ஆனா ஏறி ஆட மாட்டேன்றான், பின்னாலயே நின்னு கத்தினு இருக்கான்." அந்தச் சொல் காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. எனக்கும் அரியர் இருந்தது. எனக்கும் ஒரு அப்பா இருந்தார்.

ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும். இரண்டு பக்கமும் கோல் இல்லை. பந்து என் காலுக்கு வந்தது. வெளியே அடித்துவிட்டு என் இடத்தில் நிற்க வேண்டியவன், பந்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஒருத்தனை ஏமாற்றினேன், இன்னொருத்தனை ஏமாற்றினேன். வேடிக்கை பார்த்தவர்கள் கைதட்டினார்கள். நான் உதைத்த பந்தை அவர்கள் கோல் கீப்பர் பிடித்துக்கொண்டான். பரவாயில்லை, நல்ல உதைதான். செலக்டர்கள் பார்த்தார்களா என்று தெரிய வேண்டும் அல்லவா? பந்தலைத் திரும்பிப் பார்த்தேன். ஒருவர் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். இன்னொருவர் என்னைக் காட்டி ஏதோ சொன்னார். அதை நான் ஆசை தீரப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நான் எங்கள் பக்கம் திரும்பினபோது பந்து வானத்தில் இருந்தது. கொப்பரை கோலை விட்டு வெகுதூரம் முன்னால் வந்து, யாரும் ஒன்றும் சொல்லாததால் அங்கேயே நின்றுகொண்டிருந்தான். கையைத் தூக்கி எம்பினான். பந்து விரல் நுனிக்கு மேலே போய்த் தரையில் ஒரு குதி குதித்து, உள்ளே உருண்டது. அப்போதும் அவன் திரும்பிப் பார்க்கவில்லை. மைதானமே கத்துகிறது, அவன் நான் இருந்த திசையைப் பார்த்து, காதைக் கொடுத்துக்கொண்டு நிற்கிறான்.

தோற்ற அணியிலிருந்து ஒரே ஒரு பெயரை எடுத்தார்கள். என் பெயரை. "தோத்தாலும் ஏறி ஆடுனான்யா" என்றார் செலக்டர். கொப்பரையைப் பற்றி, "எங்க நிக்கணும்னே தெரியல, அவனப் போயி நல்லாருக்கான்னோம்" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயில் நாக்கு இருந்தது. திரும்பி வரும்போது பேருந்தில் பி.டி. சார், "இன்னாப்பா ஆச்சு அந்தக் கோலு?" என்று கேட்டார். "அவுட் ஆஃப் பொசிஷன் சார்" என்றேன். கொப்பரை முன் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடி வழியாகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். செஞ்சி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் நம் மலை தெரிந்ததும் அப்படியே தூங்கிப்போனான்.

இதோடு விட்டிருந்தால் நான் சாதாரணக் கோழை என்று போயிருக்கும். கல்லூரி ஆண்டு மலருக்குக் கால்பந்து அறிக்கை எழுத வேண்டியவன் கேப்டன். எழுதினேன். 'வெற்றி நம் கையில் இருந்தபோது, நம் கோல் காப்பாளர் தன் இடத்தை விட்டு விலகி நின்ற காரணத்தால் எதிரணியினர் ஒரு கோல் அடித்தனர்.' என் எழுத்து முதன்முதலில் அச்சில் வந்தது அதுதான். வாராவாரம் பத்திரிகையின் இந்தப் பக்கத்தில் அடுத்தவர்களைக் கிண்டல் செய்கிறேனே, அந்தத் தொழிலுக்குப் பிள்ளையார் சுழி அந்த வரி. ஆண்டு மலர் இப்போது வருவதில்லை என்பதால் திருத்தத்தை இங்கேயே போட்டுக்கொள்கிறேன்: இடத்தை விட்டு விலகினவர் கேப்டன்.

மலரைக் கொப்பரையும் வாங்கிப் படித்தான். நான் பக்கத்திலேயே நிற்கிறேன். அவன் அந்த வரியை இரண்டு தடவை படித்துவிட்டுச் சொன்னான்: "கோல் காப்பாளர்னு போட்டிருக்க பாரு, கெத்தா இருக்குடா." அவ்வளவுதான். அடுத்த வாரத்திலிருந்து கல்லூரிக்கு வருவதை நிறுத்திவிட்டான். மண்டியில் மூட்டை தூக்குகிறான் என்று கேள்விப்பட்டேன். கீழ்பென்னாத்தூர் அரை மணி நேரப் பயணம். நான் போகவில்லை.

எனக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு அலுவலகம் ஒன்றில் வேலை கிடைத்தது. மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி. பல்கலைக்கழக அணிக்காக மொத்தம் பதினொரு நிமிடம் ஆடியிருந்தேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் கழித்து, தீபம் பார்க்க வேண்டும் என்று மனைவி ஆசைப்பட்டதால் ஊருக்குப் போனேன். மதியம் மூன்று மணி இருக்கும். பேருந்து ஊருக்குள் போகாமல் எங்கள் கல்லூரி மைதானத்துக்குள் திரும்பியது. இன்னமும் அதுதான் தற்காலிக நிலையம். இறங்கின இடத்தில் விசில் சத்தம் கேட்டது. வடக்குக் கோல் இருந்த இடத்தில், காக்கிச் சட்டை போட்ட ஓர் ஆள் நின்று வருகிற பேருந்துகளை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தார். முடி கொட்டிப் போயிருந்தது. அதனால் தலை இன்னும் பெரிதாகத் தெரிந்தது. ஒவ்வொரு பேருந்து வரும்போதும் வலது பக்கம் மின் கம்பத்தைப் பார்த்து, அதற்கு மேல் உச்சியைப் பார்த்து, அரை அடி நகர்ந்து நின்றார்.

"யாருங்க அது? பஸ்ஸப் பாக்காம மலையப் பாக்கறாரு?" என்றாள் மனைவி.

"கூடப் படிச்சவன். தனியார் பஸ்ல செக்கரா இருக்கான் போல."

"போய்ப் பேசுங்களேன்."

நான் இளநீர் வண்டிக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். பேச என்ன இருக்கிறது? அப்போது அவனுக்கு இடது பக்கம், கை காட்ட யாரும் இல்லாமல் ஒரு பேருந்து பின்னோக்கி வர ஆரம்பித்தது. அவன் முன்னால் நின்ற வண்டிக்குக் கை காட்டிக்கொண்டிருந்தான். சுற்றிலும் ஹாரன், விசில், அரோகரா. அவன் நின்றது அதன் வழியில், சரியாக இரண்டடி முன்னால்.

"உள்ள" என்று கத்தினேன்.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டடி பின்னால் வந்தான். பேருந்தின் பின்பக்கம் அவன் நின்ற இடத்தைக் கடந்து போனது. அதன் முதுகில் இரண்டு தட்டு தட்டி நிறுத்திவிட்டு, விசிலை வாயிலிருந்து எடுத்தான்.

"இன்னா மச்சான், இவ்ளோ லேட்டாவா கத்துவ?" என்றான், மலையைப் பார்த்தபடியே.

பக்கத்தில் போனேன். காக்கிச் சட்டைப் பையிலிருந்து ஒரு பிடி மல்லாட்டை எடுத்து என் கையில் கொட்டினான். "கொப்பரை, அந்த ஃபைனல்ல நான்..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்டா. பந்தலப் பாத்துனு இருந்த."

"அப்பவே தெரியுமா?"

"மலை இல்லாத ஊருல வேற எதப் பாப்பேன்? உன்னத்தான பாத்துனு இருந்தேன்" என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும். அடுத்த பேருந்து வந்தது. விசிலை வாயில் வைத்துக்கொண்டு, "இப்ப கரெக்டா நிக்கிறனா பாரு" என்றான்.

மனைவியை நிழலில் உட்காரச் சொல்லிவிட்டு, மலையில் தீபம் ஏற்றுகிற வரைக்கும் அவனுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு பேருந்துக்கும் கத்திக்கொண்டிருந்தேன்.